மூன்றடி மண்

சென்ற ஐப்பசி மாதத்து மழை இரவு ஒன்றில், குஜிலியம்பாறைப் பகுதியில் எங்கள் பங்கைச் சேர்ந்த கிளைக் கிராமம் ஒன்றில், எழுபது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவருக்கு மூச்சுத்திணறல் கண்டது. அழைத்த சிறிது நேரத்தில் 108 ஊர்தி வந்துவிட்டது. ஆனால் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. எங்கள் சிற்றாலயத்தின் சுற்றுச்சுவருக்கும் எதிரே உள்ள மூலை வீட்டின் படிக்கட்டுக்கும் இடையே அந்த வண்டி திரும்ப இடமில்லை. நான்கு இளைஞர்கள் கயிற்றுக் கட்டிலோடு அவரைத் தூக்கிக்கொண்டு, கணுக்கால் புதையும் சேற்றில் நடந்து வந்து ஏற்றினார்கள். மூன்றாம் நாள் மருத்துவமனையில் அவர் இறைவனடி சேர்ந்தார்.

தாமதத்தினால்தான் இறந்தார் என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை. நானும் சொல்லத் துணியேன். ஆயினும் முப்பதாம் நாள் திருப்பலி முடிந்ததும் அவருடைய மகன் என்னிடம் வந்து, "சாமி, ஒரு வண்டி திரும்ப முடியாத தெருவ யாரு சாமி போட்டது?" என்று கேட்டார். குற்றம் சாட்டும் குரல் அன்று அது. தெரிந்துகொள்ள விரும்பியவரின் குரல். என்னிடம் விடை இல்லை.

சில நாள் கழித்து நில அளவையர் வந்து வரைபடத்தை விரித்து நாடாவைப் பிடித்தார். முதலில் வெளிப்பட்டது எங்கள் தவறே. சிற்றாலயத்தின் சுற்றுச்சுவர் தெருவுக்குள் மூன்றடி நின்றது. யாரும் திட்டமிட்டுச் செய்ததன்று. முன்பு அங்கே கிளுவை வேலி இருந்தது. வேலி தழைக்கத் தழைக்கத் தெரு குறுகியது. பின்னாளில் சுவர் எழுப்பியவர்கள் வேலி நின்ற இடத்திலேயே அடித்தளம் இட்டுவிட்டார்கள். அந்த மூன்றடியைத் திருப்பித் தந்தாலும் திருப்பத்துக்கு இன்னும் நான்கடி வேண்டும் என்றார் அளவையர். அதை ஒன்று, ஒன்றரை சென்ட் மனையில் வீடு கட்டியிருக்கும் கொத்தனார் தரவேண்டும். அல்லது ஆலயத்தின் பெயரில் பட்டா உள்ள திறந்த வெளியிலிருந்து நாங்கள் தரவேண்டும்.

மூன்றடி பிறருடையது, அதைத் திருப்பித் தருவது நீதி. நான்கடியோ சட்டப்படி எங்களுடையது. என் பெயரில் உள்ள மண்ணில் ஊர் ஒரு பங்கு கேட்கலாமா? கேட்டால், யாரிடம் முதலில் கேட்க வேண்டும்? இது ஒரு சிற்றூரின் தெருமுனையில் மட்டும் எழும் கேள்வி அன்று. நகரமைப்புச் சட்டங்களை இயற்றிய நாடுகள் யாவும் இக்கேள்விக்கே தத்தம் வழியில் விடை தந்திருக்கின்றன. அவ்விடைகளை ஒப்பிட்டுப் பார்த்தால் நம் தெருவுக்கும் ஒரு வழி புலப்படும் என்று நம்புகிறேன்.

முன்னோரின் ஊர்த் திட்டம்

ஊரைத் திட்டமிடுதல் மேல்நாட்டார் கொண்டுவந்த கலை என்று பலர் எண்ணுகிறார்கள். நம் கிராமக் கணக்குகள் அதை மறுக்கின்றன. குடியிருக்க நத்தம், சோளமும் கடலையும் காயக் களம், மாடுகள் கூடும் மந்தை, ஆடுகளுக்கு மேய்ச்சல் தரை, தண்ணீருக்கு ஊருணி, வயலுக்குச் செல்ல வண்டிப்பாதை, இறந்தோர்க்கு இடுகாடு என ஒவ்வொன்றுக்கும் இடம் வகுத்திருந்தார்கள். இவற்றுள் தனியார்க்கு உரியனவல்லாத பொது நிலங்களை வருவாய்த் துறை 'புறம்போக்கு' என்று குறித்தது. அச்சொல் இன்று வசைச்சொல்லாகிவிட்டது. எல்லாருக்கும் உரியதை யாருக்கும் உரியதன்று என்று நாம் கருதத் தொடங்கியதன் அடையாளம் அது.

ஆனால் அந்தப் பழைய திட்டத்தைப் புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிட முடியாது. ஊர் ஓரிடம், சேரி வேறோர் இடம் என்று பிரித்ததும் அதே திட்டம்தான். மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித் மக்களைப் பிரித்து நின்ற சுவரின் ஒரு பகுதி 2008-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள்தான் இடிக்கப்பட்டது. நம் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றிலும் இறந்தவர்களைக்கூடப் பிரித்து வைத்த சுவர்கள் இருந்தன என்பதை நாம் மறைத்தல் ஆகாது. ஒரு கோடு கிழிக்கப்படும்போது அது எதை ஒழுங்குபடுத்துகிறது என்று மட்டும் பார்த்தால் போதாது. யாரை வெளியே நிறுத்துகிறது என்றும் பார்க்க வேண்டும்.

வேலி போட்ட நாடு

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வரலாறு இதையே வேறு வடிவில் காட்டுகிறது. 1916-இல் நியூயார்க் நகரம், எந்தப் பகுதியில் எவ்வகைக் கட்டடம், எவ்வளவு உயரம் என்று மண்டலம் வகுக்கும் விதிகளை இயற்றியது. ஒஹாயோ மாநிலத்து யூக்ளிட் என்ற சிற்றூர் இத்தகைய விதிகளைக் கொண்டுவந்தபோது நிலத்துக்கு உரிமையுள்ள நிறுவனம் வழக்காடியது. 1926-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஊரின் பக்கமே தீர்ப்பளித்தது. வீடுகளுக்கு நடுவே ஆலை வருவதைத் தடுக்க ஊருக்கு அதிகாரம் உண்டு என்பது நியாயமானதே. திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் கிணறுகள் கெட்ட கிராமத்தாரைக் கேட்டால், அப்படி ஒரு வேலி எவ்வளவு தேவை என்று சொல்வார்கள்.

எனினும் அதே வேலி வேறொன்றுக்கும் பயன்பட்டது. வெள்ளையர் வாழும் தெருவில் கறுப்பர் குடியேறலாகாது என்று லூயிவில் நகரம் இயற்றிய விதியை 1917-இல் அதே உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. நிறத்தை வெளிப்படையாக எழுத முடியாமற் போனதும், மனையின் அளவை எழுதினார்கள். இவ்வளவு பெரிய மனை இருக்க வேண்டும், ஒரு மனையில் ஒரு குடும்பத்துக்கான தனி வீடே இருக்க வேண்டும் என்று விதித்தால் ஏழை தானாகவே வெளியே நிற்பான். ஏழையரில் பெரும் பகுதியினர் யார் என்பது எல்லாருக்கும் தெரியும். பல தலைமுறைகளுக்குப் பின் 2018-இல்தான் மினியாபொலிஸ் நகர மன்றம், தனி வீடு மட்டுமே கட்டலாம் என்ற கட்டுப்பாட்டை நகர் முழுவதும் நீக்க முடிவு செய்தது. விதியில் ஒரு தீய சொல்லும் இல்லாமலே அநீதி நடைபெற முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

அனுமதி கேட்கும் நாடு

பிரிட்டன் வேறு வழியிற் சென்றது. 1947-ஆம் ஆண்டுச் சட்டம் நிலத்தைப் பறிக்கவில்லை. ஆனால் அந்நிலத்தில் புதிதாகக் கட்டும் உரிமையை ஊரின் கையில் வைத்தது. இருப்பதை இருக்கிறபடி அனுபவிக்கலாம். மாற்ற வேண்டுமானால் உள்ளூராட்சியின் அனுமதி வேண்டும். விண்ணப்பம் வந்தால் அயலாருக்கு அறிவிக்கிறார்கள் அல்லது அந்த இடத்தில் அறிவிப்பை ஒட்டுகிறார்கள். வழியே செல்லும் எவரும் படித்து மறுப்புத் தெரிவிக்கலாம். என் வீட்டைக் கட்டும்போது அயலானுக்கும் சொல்ல ஒரு சொல் உண்டு என்பதை ஒப்புக்கொண்ட சட்டம் அது.

அச்சட்டத்தில் இன்னொரு நுட்பமும் இருந்தது. அனுமதி கிடைத்ததும் நிலத்தின் மதிப்பு பன்மடங்கு உயர்கிறது. அவ்வுயர்வு உரிமையாளரின் உழைப்பால் வந்ததன்று. ஊர் வளர்ந்ததால் வந்தது. எனவே அது முழுவதும் பொதுவுக்கே சேரவேண்டும் என்று ஒரு கட்டணம் விதித்தார்கள். ஆனால் எல்லா ஆதாயத்தையும் எடுத்துக்கொண்டால் நிலத்தை விற்க யார் முன்வருவார்? 1953-இல் அக்கட்டணம் நீக்கப்பட்டது. அனுமதி முறை மட்டும் நிலைத்தது. மறுப்புச் சொல்லும் உரிமை முன்பே வீடு உள்ளவனுக்கு எளிதாகக் கிடைத்தது; வீடில்லாமல் வரக் காத்திருப்பவனுக்காகப் பேச ஆளில்லை. வீடுகள் போதாமல் விலையேறித் தவிக்கும் இன்றைய இங்கிலாந்துக்கு இதுவும் ஒரு காரணம் என்று பலர் சொல்கிறார்கள்.

அரசே நிலக்கிழார்

நம் உறவினர் பலர் வாழும் சிங்கப்பூரோ, ஏறத்தாழ எல்லா நிலத்தையும் அரசின் கைக்குக் கொண்டுவந்தது. 1960-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டது. 1966-ஆம் ஆண்டுச் சட்டம் பொதுத் தேவைக்கு நிலம் எடுக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. இன்று அங்கு வாழும் குடிமக்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் அக்கழகம் கட்டிய அடுக்கு வீடுகளில் இருக்கிறார்கள். ஒரே தொகுதியில் ஓரினத்தார் மட்டும் குவிந்துவிடாமலிருக்க 1989 முதல் இன விகிதமும் வகுத்தார்கள். உத்தப்புரத்துச் சுவரை நினைக்கும் எவருக்கும் இந்த ஏற்பாட்டில் ஓர் அழகு தெரியும்.

ஆனால் அந்த அடுக்கு வீடுகள் எழுந்த மண்ணில் முன்பு கம்பங்கள் இருந்தன. தோட்டங்களும் சிறு கடைகளும் இருந்தன. நிலத்தை இழந்தவர்களுக்கு நீண்ட காலம் சந்தை விலை கொடுக்கப்படவில்லை. 2007-இல்தான் இழப்பீடு சந்தை மதிப்புக்கு உயர்த்தப்பட்டது. நூறு பேருக்கு வீடு தருவதற்காக ஒருவனிடம் குறைந்த விலைக்கு நிலத்தை எடுப்பது நீதியா? நூறு பேரின் மகிழ்ச்சி அந்த ஒருவனின் கணக்கைத் தீர்த்துவிடுமா? நன்மையான முடிவு தீய வழியைத் தூயதாக்காது என்று அறநெறி இயலில் கற்றிருக்கிறோம். அந்த வழி எவ்வளவு தீயது, எவ்வளவு தவிர்க்க முடியாதது என்பதில் நேர்மையானவர்களும் வேறுபடலாம்.

எல்லாரும் சிறிது கொடுத்தால்

நான்காவது வழி ஒன்று உண்டு. என் மனத்தைக் கவர்ந்தது இதுவே. ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகர மேயராக இருந்த பிரான்ஸ் ஆடிக்கஸ் என்பவரின் முயற்சியால் 1902-இல் ஒரு சட்டம் வந்தது. ஒரு பகுதியின் மனைகள் அனைத்தையும் தாளில் ஒன்றாகச் சேர்த்து, ஒவ்வொருவரிடமிருந்தும் ஒரு பங்கை எடுத்து, அதில் தெருவும் பொது இடமும் அமைத்து, எஞ்சியதை ஒழுங்கான மனைகளாக அவரவர்க்கே திருப்பித் தருவது அம்முறை. யாரும் ஊரைவிட்டுப் போகவேண்டியதில்லை. நிலம் சற்றுக் குறையும். தெரு வந்ததால் மதிப்பு உயரும். ஜப்பான் இம்முறையைப் பெரிதும் கையாண்டது. 1923-ஆம் ஆண்டு நிலநடுக்கத்துக்குப் பின் தோக்கியோவையும், 1995-ஆம் ஆண்டு நிலநடுக்கத்துக்குப் பின் கோபே நகரின் பகுதிகளையும் இவ்வாறே சீரமைத்தார்கள்.

இந்தியாவில் 1915-ஆம் ஆண்டின் பம்பாய் நகரமைப்புச் சட்டம் இதற்கு வழிசெய்தது. குஜராத் இன்றும் இம்முறையைப் பின்பற்றுகிறது. 2001-ஆம் ஆண்டு சனவரி 26-ஆம் நாள் நிலநடுக்கத்தில் பூஜ் நகரம் இடிந்து வீழ்ந்தது. குறுகிய சந்துகளில் மீட்புப் பணியே இயலாமற் போனதால் புதிய தெருக்கள் வேண்டியிருந்தன. அப்போது எல்லாரிடமும் ஒரே அளவாக நிலம் எடுக்கவில்லை. மிகச் சிறிய மனை உடையவரிடம் எதுவும் எடுக்காமல், மனை பெரிதாகப் பெரிதாக எடுக்கும் பங்கும் உயரும்படி வகுத்தார்கள். இதைப் படித்தபோது என் கண்முன் நின்றது எங்கள் தெருமுனைதான். ஒன்றரை சென்ட் கொத்தனார் ஒருபுறம். தெருவிலேயே பெரிய மனையை உடைய ஆலயம் மறுபுறம்.

இம்முறையிலும் குறை இல்லாமலில்லை. பட்டா உள்ளவனையே அது கணக்கில் கொள்ளும். வாடகைக்கு இருப்பவன், ஓடைக்கரையில் குடிசை போட்டவன் ஆகியோர் அந்தத் தாளில் இடம்பெறுவதில்லை. ஆயினும் இழப்பை ஒருவன் தலையில் சுமத்தாமல் அயலார் அனைவரும் பகிர்ந்துகொள்வது என்ற அடிப்படை, நான் அறிந்த மற்ற முறைகளைவிட மனிதத்தன்மை மிக்கது.

தானமா, கடனா?

நம் மாநிலத்தின் நிலை என்ன? 1914-இல் சென்னை ஆளுநர் பெண்ட்லாண்ட் பிரபுவின் அழைப்பில் ஸ்காட்லாந்து அறிஞர் பேட்ரிக் கெடிஸ் இங்கு வந்தார். உயிரியல் கற்றவர் அவர். மதுரை முதலிய நகரங்களின் தெருக்களில் நடந்து பார்த்து அறிக்கைகள் எழுதினார். வரைபடத்தில் நேர்கோடு கிழித்து வழியிலுள்ள வீடுகளையெல்லாம் இடிப்பதை அவர் கண்டித்தார். நல்ல மருத்துவர் தேவையான அளவே அறுப்பதுபோல, எங்கே ஒரு சுவரை நகர்த்தினால் போதும் என்று பார்த்துச் செய்யவேண்டும் என்பது அவர் கொள்கை. 1920-இல் சென்னை மாகாண நகரமைப்புச் சட்டம் வந்தது. அதன் இடத்தில் 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தது.

சட்டம் இருந்தும் நடந்தது வேறு. கிணறு வற்றிய மானாவாரிக் காட்டை வாங்கி, புல் செதுக்கி, வண்ணக் கற்கள் நட்டு, கொடி கட்டி மனைகளாக விற்றார்கள். இப்படிப்பட்ட மனையொன்றில் அடிக்கல் மந்திரிக்க என்னை ஒரு குடும்பத்தார் அழைத்துச் சென்றனர். திருப்பூர்ப் பனியன் ஆலையில் பத்தாண்டு உழைத்துச் சேர்த்த பணம். விளம்பரத் தாளில் பூங்கா என்று குறித்திருந்த இடமும் மனையாக விற்கப்பட்டிருந்தது. தெரு தாளில் அகலமாகவும் தரையில் ஒற்றையடிப் பாதையாகவும் இருந்தது. தீர்த்தம் தெளித்துச் செபித்தேன்; ஆனால் மனம் நிறையவில்லை. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யக்கூடாதென்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. 2017-இல் அரசு வரன்முறைப்படுத்தும் விதிகளைக் கொண்டுவந்தது. கட்டணம் செலுத்தினால் மனை சட்டத்துக்குள் வரும். ஏமாந்து வாங்கிய ஏழைக்கு அது தேவையான இரக்கமே. ஆனால் விற்றுவிட்ட பூங்காவை எந்தக் கட்டணமும் திரும்பக் கொண்டுவருவதில்லை.

முறைப்படி அமையும் மனைப்பிரிவில் சாலைகளையும், பெரிய மனைப்பிரிவானால் சாலை நீங்கலான பரப்பில் 10 விழுக்காட்டுத் திறந்த வெளியையும் உள்ளூராட்சிக்கு ஒப்படைக்க வேண்டும். அதை ஒப்படைக்கும் பத்திரத்துக்குத் 'தானப் பத்திரம்' என்று பெயர். இச்சொல்லைப் பற்றி நான் பலமுறை எண்ணியதுண்டு. அது உண்மையில் தானமா? தெருவின்றி ஒரு மனைக்கும் மதிப்பில்லை. அயலாரின்றித் தெருவுமில்லை. அவர்களால் வந்த மதிப்பில் ஒரு பங்கை அவர்களுக்கே விடுவது கொடையன்று, கடன்.

நம் திருச்சபை மரபும் இதையே கற்பிக்கிறது. ஏழைக்குக் கொடுப்பவன் தன் பொருளைத் தருவதில்லை, அவனுக்குரியதைத் திருப்பித் தருகிறான் என்பது புனித அம்புரோசின் போதனை. பொருளைத் தனதாக வைத்துப் பேணும் உரிமை மனிதனுக்கு உண்டு, ஆனால் அதைப் பயன்படுத்துவதில் பொதுவானதாகக் கருதவேண்டும் என்று புனித தோமா அக்குவினா பிரித்துக் காட்டினார். தனியுடைமையின் மேல் சமுதாயத்தின் அடமானம் ஒன்று இருக்கிறது என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1987-இல் எழுதினார். அடமானப் பத்திரத்தின் பொருளை நம் உழவர்களுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. ஊரைத் திட்டமிடும்போது அங்கு வாழ்வோரின் குரலைக் கேட்கவேண்டும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் வற்புறுத்தினார்.

நாடுகளை ஒப்பிட்டபின் நான் கண்டது இதுதான். எந்த முறையும் தன்னளவில் நீதியானதன்று. ஒவ்வொன்றும் எவரிடமிருந்தோ எதையோ எடுக்கிறது. மிகுதியாக உடையவனிடம் முதலில் கேட்கிறதா, எதிர்க்க வலுவில்லாதவனிடம் முதலில் கேட்கிறதா என்பதே உரைகல்.

மீண்டும் தெருமுனைக்கு

பங்குப் பேரவையில் நான் இதைச் சொன்னபோது எல்லாரும் ஏற்கவில்லை. மூன்றடியைத் திருப்பித் தருவதில் யாருக்கும் மறுப்பில்லை. நான்கடி என்றதும் பெரியவர் ஒருவர் எழுந்தார். "கோயில் நெலம் எங்க பாட்டன் பூட்டன் கொடுத்தது. நீங்க அஞ்சு வருசத்துல மாறிப் போயிருவீங்க சாமி. வெட்டிக் கொடுக்க உங்களுக்கு என்ன பாத்தியதை இருக்கு?" என்றார். அவர் சொன்னதில் உண்மை உண்டு. நான் உடைமையாளன் அல்லன், காவலன். திருச்சபைச் சட்டமும் ஆலயச் சொத்தைப் பங்குத்தந்தை தன் விருப்பப்படி கொடுக்க இடந்தருவதில்லை. ஆனால் காவலனுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. கொடுத்த முன்னோர் எதற்காகக் கொடுத்தார்கள்? அவர்களுடைய பேத்தியை மழையில் கட்டிலோடு தூக்கிச் செல்ல அந்த நிலம் காரணமாக இருப்பதை அவர்கள் விரும்பியிருப்பார்களா?

எருசலேமின் மதிலைக் கட்டியோரின் பட்டியலை நெகேமியா நூலின் மூன்றாம் அதிகாரம் தருகிறது. பலரும் தத்தம் வீட்டுக்கு எதிரே இருந்த பகுதியைக் கட்டினார்கள். தெக்கோவா ஊர்ப் பெருமக்கள் மட்டும் தோள்கொடுக்க முன்வரவில்லை என்றும் அதே பட்டியல் குறித்துவைக்கிறது. அந்த ஒரு வரிக்காகவே அவர்கள் இன்றும் நினைக்கப்படுகிறார்கள்.

தவக்காலத் தொடக்கத்தில் சுவரை மூன்றடி உள்ளே தள்ளிக் கட்டினோம். வேலை செய்தவர் மூலை வீட்டுக் கொத்தனாரே. கூலி தரும்போது ஒருநாட் கூலியை வாங்க மறுத்துவிட்டார். தெருவில் நீட்டிக்கொண்டிருந்த தம் படிக்கட்டின் கடைசிப் படியையும் அவரே எடுத்துவிட்டார். அடுத்த இரு வீட்டார் இன்னும் மனமிரங்கவில்லை. நான்கடிக்காக ஆயர் இல்லத்துக்கு, எதிர்த்த பெரியவரின் கருத்தையும் சேர்த்தே எழுதி அனுப்பியிருக்கிறேன். விடை வரும்வரை அந்த இடத்தில் நான்கு கற்களை நட்டுவைத்திருக்கிறோம். ஞாயிறு திருப்பலிக்கு வருவோர் அவற்றைச் சுற்றித்தான் வரவேண்டும்.

அன்பு வாசகர்களே, நாடுகளின் சட்டங்களை மாற்ற நம்மால் உடனே இயலாது. நம் சுற்றுச்சுவரை அளந்து பார்க்க இயலும். ஒரு நாடாவும், அதன் மறுமுனையைப் பிடிக்க ஓர் அயலாரும் இருந்தால் போதும்.